'அக்வெயின்ட்' என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? (வாசலுக்கு வணக்கம் வைத்த கதை)

சிப்காட்_செல்வி | செவ்வாய், இரவு 9:12

வணக்கம். கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. போன வாரம் ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலை தொடங்கும் முன் அவசர வழிகள், கூடுமிடம் இரண்டோடும் தங்களை 'அக்வெயின்ட்' செய்துகொள்ள வேண்டும் என்பது சாரம். அதைத் தமிழில் எழுதி கேட்டுக்குப் பக்கத்தில் பலகையாக மாட்டச் சொன்னார்கள். அகராதியைத் திறந்தேன். 'அறிமுகப்படுத்து' என்று முதலிலேயே இருந்தது. யோசிக்காமல் எழுதிவிட்டேன்:

"அனைத்து ஒப்பந்தத் தொழிலாளர்களும் அவசர வழிகளிடம் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும்."

நேற்றுக் காலை வெல்டர் அண்ணன் ஒருவர் அந்தப் பலகையைப் படித்துவிட்டு, நேராக அவசரக் கதவின் முன்னால் போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "வணக்கம்ங்க. பண்ருட்டியிலிருந்து வரேன், வெல்டிங் வேலை" என்றார் கதவிடம். கேன்டீன் வரைக்கும் சிரிப்பு. மதியத்துக்குள் பலகையைக் கழற்றிவிட்டேன்.

இன்னொரு சங்கடமும் உண்டு. மேலாளருக்கு ஒரு மின்னஞ்சலில் "ப்ளீஸ் அக்வெயின்ட் மீ அபவுட் தி ஷட்டவுன் ஷெட்யூல்" என்று எழுதியிருந்தேன். அவர் 'அபவுட்' என்பதைச் சிவப்பாக்கி 'வித்' என்று மாற்றி அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. 'டெல் மீ அபவுட்' சரி என்றால் இது ஏன் தப்பு?

இரண்டுக்கும் பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புதுப் பலகை வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

---

கெடிலக்கரை | செவ்வாய், இரவு 9:40

'தெரிந்துகொள்ள வேண்டும்' என்று போட்டால் முடிந்தது தங்கச்சி. இதற்கு எதற்கு ஒரு இழை?

---

லாஸ்பேட்டை_வாத்தியார் | செவ்வாய், இரவு 10:25

முப்பது வருடம் புதுச்சேரியில் ஆங்கிலம் நடத்தியவன். உங்கள் இரண்டாவது கேள்வி என் வகுப்பில் ஆண்டுதோறும் வரும். அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

'அக்வெயின்ட்' என்று பார்த்ததும் நம் மண்டைக்குள் ஓடும் தமிழ்ச் சொல் 'தெரிவி'. ஒன்றைப் 'பற்றி' தெரிவிப்பதுதானே நம் வழக்கம்? அந்தப் 'பற்றி'தான் 'அபவுட்' ஆகி வெளியே வருகிறது. மாணவன் தப்பாக ஆங்கிலம் யோசிக்கவில்லை, சரியாகத் தமிழ் யோசித்திருக்கிறான். ஆனால் தவறான தமிழ் வினையைப் பிடித்துக்கொண்டான்.

'தெரிவி'யை விட்டுவிட்டு 'பழக்கு' என்று நினைத்துப் பாருங்கள். பழகுவது எதைப் பற்றி? இல்லை, யாரோடு. 'அவரோடு எனக்குப் பழக்கம்.' அந்த 'ஓடு'தான் 'வித்'. ஆல், ஆன், ஒடு, ஓடு என்று எட்டாம் வகுப்பில் உருப்போட்ட மூன்றாம் வேற்றுமை இந்த இடத்தில் கைகொடுக்கும்.

இதிலேயே இன்னொரு வசதி. தமிழில் பழகு என்றால் தானே பழகுவது, பழக்கு என்றால் பிறரைப் பழக்குவது. ஆங்கிலத்தில் ஒரே வினைதான். பிறரை என்றால் 'அக்வெயின்ட் ஹிம் வித்', தன்னை என்றால் 'அக்வெயின்ட் யுவர்செல்ஃப் வித்', ஏற்கெனவே பழகிய நிலை என்றால் 'அக்வெயின்டட் வித்'. மூன்றிலும் 'வித்' நகராமல் நிற்கிறது.

நிலையைச் சொல்லும்போது 'ஐ ஆம் அக்வெயின்டிங் வித் ஹிம்' என்று எழுதிவிடாதீர்கள். 'ஐ ஆம் நோயிங் ஹிம்' என்பதன் ஒன்றுவிட்ட தம்பி அது.

---

கெடிலக்கரை | செவ்வாய், இரவு 10:51

வாத்தியாரே, ஒரு சந்தேகம். நான் லாரி ஓட்டுகிறவன். 'வண்டி ஓட்டிப் பழகினேன்' என்பேன், 'இந்த ரூட் எனக்குப் பழக்கம்' என்பேன். 'வண்டியோடு பழகினேன்' என்று எந்த டிரைவரும் சொல்ல மாட்டான். உங்கள் 'ஓடு' சூத்திரம் மனுஷனுக்குத்தான் பொருந்துகிறது. செல்விக்கு வேண்டியது கதவுக்கு.

---

லாஸ்பேட்டை_வாத்தியார் | செவ்வாய், இரவு 11:08

ஒப்புக்கொள்கிறேன், நல்ல இடத்தில் பிடித்தீர்கள். நான் சொன்னது ஆங்கிலத்தின் 'வித்'தை நினைவில் வைக்க ஒரு குறுக்குவழிதான். தமிழில் ஆளோடு பழகுவோம், பொருளை, வேலையை, வழியைப் பழகுவோம்.

ஆனால் நீங்கள் போட்ட 'இந்த ரூட் எனக்குப் பழக்கம்' என்ற வாக்கியத்தை விட மனமில்லை. ஆங்கிலத்தில் 'ஃபெமிலியர்' என்ற சொல்லை இரண்டு பக்கமும் திருப்பலாம். 'ஐ ஆம் ஃபெமிலியர் வித் திஸ் ரூட்' என்றால் நான் ரூட்டை அறிந்தவன். 'திஸ் ரூட் இஸ் ஃபெமிலியர் டு மீ' என்றால் ரூட் எனக்குப் பழக்கமானது. ஆளிலிருந்து தொடங்கினால் 'வித்', பொருளிலிருந்து தொடங்கினால் 'டு'. நீங்கள் சொன்ன 'எனக்கு' அந்த 'டு'வேதான்.

'அக்வெயின்டட்' அப்படித் திரும்பாது. 'திஸ் ரூட் இஸ் அக்வெயின்டட் டு மீ' என்று எழுதினால் ரூட் எழுந்து வந்து கைகுலுக்கியது போல் இருக்கும். செல்வியின் வெல்டர் கும்பிட்டாரே, அதே கதை மறுபக்கத்திலிருந்து.

---

மஞ்சை_குமாஸ்தா | புதன், காலை 6:15

எல்லோருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தச் சொல்லோடு எனக்கு 34 வருடப் பழக்கம். தட்டச்சு செய்த பிரமாண வாக்குமூலங்களில் பாதியாவது 'ஐ ஆம் வெல் அக்வெயின்டட் வித் தி ஃபேக்ட்ஸ் ஆஃப் தி கேஸ்' என்ற வரியோடுதான் தொடங்கும். தமிழில் என்றால் 'மேற்படி வழக்கின் சங்கதிகளை நான் நன்கறிவேன்'. கை தானாக அடிக்கும். என்ன எழுதுகிறோம் என்று நான் நின்று படித்ததே இல்லை.

ஒருநாள் கையெழுத்துத் தகராறு வழக்கு ஒன்று வந்தது. பிராமிசரி நோட்டில் இருப்பது என் கையெழுத்தே இல்லை என்று பிரதிவாதி சாதித்தார். எங்கள் சீனியர் கூண்டில் ஏற்றியது கையெழுத்து நிபுணரை அல்ல, அரிசி மண்டிக் கணக்குப்பிள்ளையை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இவர் என்ன நிபுணரா?" என்றார். சீனியர் 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 47ஆம் பிரிவைப் பிரித்து வைத்தார்.

அந்தப் பிரிவு சொல்வது இதுதான். ஒருவர் எழுதியதா என்ற கேள்வி வந்தால், அவருடைய கையெழுத்தோடு 'அக்வெயின்டட்' ஆன எவருடைய கருத்தும் ஏற்புடையது. சரி, அப்படியானால் யார் 'அக்வெயின்டட்'? சட்டம் அதை நம் ஊகத்துக்கு விடவில்லை. கீழே விளக்கம் கொடுத்திருக்கிறது. அவர் எழுதுவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால், நீங்கள் எழுதிய கடிதங்களுக்குப் பதிலாக அவர் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதங்கள் உங்களுக்கு வந்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால், அன்றாட அலுவலில் அவர் எழுதியதாகச் சொல்லப்படும் தாள்கள் வழக்கமாக உங்கள் பார்வைக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். கணக்குப்பிள்ளை மூன்றாவது வகை. பல வருடமாக அந்த ஆளின் சீட்டுகள் அவர் மேஜைக்கு வந்தபடி இருந்தன.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிறர் சொல்லக் கேட்டது இங்கே கணக்கிலேயே வராது. பார்த்திருக்க வேண்டும், வாங்கியிருக்க வேண்டும், கையாண்டிருக்க வேண்டும். கெடிலக்கரை தம்பி சொன்ன 'தெரிந்துகொள்' இதற்குக் கொஞ்சம் மெலிவு.

(2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்துவிட்டது. பிரிவு எண் மாறிவிட்டது, விஷயம் மாறவில்லை.)

---

கெடிலக்கரை | புதன், காலை 7:02

ஐயா, வழக்கில் ஜெயித்தீர்களா, அதைச் சொல்லவில்லையே?

---

மஞ்சை_குமாஸ்தா | புதன், காலை 7:20

சமாதானமாகிவிட்டது தம்பி. மண்டிக்காரரும் பிரதிவாதியும் சம்பந்தி ஆகிவிட்டார்கள்.

---

சொல்தா_பேத்தி | புதன், பகல் 1:33

புதுச்சேரிக்காரி. பெயரைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர்களை இங்கே 'சொல்தா' என்பார்கள். என் தாத்தா அதில் ஒருவர். நான் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இழையில் பிரெஞ்சு இல்லாமல் போனால் தாத்தா கனவில் வந்து திட்டுவார்.

'அக்வெயின்ட்' ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து போன சொல். அதற்கு முன்னால் லத்தீன். உள்ளே இருப்பது 'கொக்னோஸ்கெரே', அறிதல் என்று பொருள். முன்னால் 'அட்' ஒட்டிக்கொண்டது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் க்யூவுக்கு முன்னால் தேவையில்லாமல் ஒரு சி உட்கார்ந்திருக்கிறதே, பிள்ளைகள் எல்லாம் விட்டுவிடுவார்களே, அது அந்த 'அட்'டின் மிச்சம். 'அக்வயர்', 'அக்விட்' சொற்களிலும் அதே சி.

அந்த லத்தீன் வேரிலிருந்தே பிரெஞ்சின் 'கொனேத்ர்' வருகிறது. பிரெஞ்சில் அறிவதற்கு இரண்டு வினை. ஓர் ஆளையோ ஊரையோ அறிந்திருந்தால் 'கொனேத்ர்'. ஒரு செய்தி தெரிந்திருந்தால் 'சவ்வார்'. கடலூருக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று தெரியும், அது 'சவ்வார்'. கடலூரைத் தெரியும், அது 'கொனேத்ர்'. என் மாணவர்கள் முதல் மாதம் முழுக்க இதில் தடுக்கி விழுவார்கள். தமிழில் இரண்டுக்கும் 'தெரியும்' போதுமே!

ஆனால் தமிழில் வேறுபாடே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சொல்வார்: "அவனை எனக்குத் தெரியும், பழக்கம் கிடையாது." இந்த ஒரு வரியில் இரண்டு வினையும் வந்துவிட்டன. நாம் கோட்டைக் கொஞ்சம் தள்ளிக் கிழித்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொரு ருசியான விஷயம். 'அக்வெயின்ட்' கிளம்பி வந்த வீட்டில் இன்று மிச்சமிருக்கும் உறவுக்காரச் சொல் 'அக்குவந்தான்ஸ்'. பிரெஞ்சில் அதைச் சொன்னால் மரியாதையாக இருக்காது. அவனுக்கு இன்னாரோடு 'அக்குவந்தான்ஸ்' என்றால் ஏதோ உள்குத்து, கள்ளத் தொடர்பு என்ற வாடை அடிக்கும். ஆங்கிலத்துக்குப் போனது கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டது, வீட்டிலேயே இருந்தது கெட்டுப்போனது.

---

லாஸ்பேட்டை_வாத்தியார் | புதன், பகல் 2:10

அருமை அம்மா. ஒன்று சேர்க்கிறேன். அந்த லத்தீன் சொல்லின் அடியில் கிடக்கும் வேரும் சமஸ்கிருதத்தின் 'ஞா' என்ற வேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆங்கிலத்தின் 'நோ'வும் அந்தக் குடும்பம்தான், உச்சரிக்காத 'கே' பழைய ஒலியின் நிழல். ஆகவே 'ஞானம்' என்று நாம் தினமும் புழங்கும் சொல்லும் 'அக்வெயின்ட்'டும் தூரத்து உறவு.

---

கெடிலக்கரை | புதன், பகல் 2:14

அப்படியானால் பலகையில் 'அவசர வழிகளில் ஞானம் பெறுக' என்று போட்டுவிடலாமா?

---

சிப்காட்_செல்வி | புதன், இரவு 8:47

அண்ணா, சிரித்துச் சிரித்துப் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டார்.

எல்லோருக்கும் நன்றி. 'வித்' விவகாரம் தீர்ந்தது. பலகைதான் தீரவில்லை. இன்று மதியம் 'பரிச்சயம் செய்துகொள்ள வேண்டும்' என்று எழுதி நாலு பேரிடம் காட்டினேன். இரண்டு பேருக்குப் புரிந்தது. ஒருவர் அது பரீட்சையா என்று கேட்டார். ஆனால் பீகாரிலிருந்து வந்த தம்பி ஒருவருக்கு நான் வாயால் படித்துக் காட்டியதும் சட்டென்று பிடித்துக்கொண்டார். இந்தியில் 'பரிச்சித்' என்பார்களாம்! தமிழ்ப் பலகை தமிழர்களைவிட அவருக்கு நன்றாகப் புரிந்தது என்றால் அதை என்ன சொல்வது.

'ஃபெமிலியரைஸ்' என்றும் ஒரு சொல் இருக்கிறதே, இரண்டும் ஒன்றுதானா?

---

மஞ்சை_குமாஸ்தா | வியாழன், காலை 5:50

அம்மா செல்வி, உங்கள் தொழிலுக்கே உரிய பழைய சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் தீத்தடுப்புக்கு 38ஆம் பிரிவு இருந்தது (2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது). தீப்பிடித்தால் தப்பிக்கும் வழிகளோடு தொழிலாளர் அனைவரும் 'ஃபெமிலியர்' ஆக இருப்பதை உறுதிசெய்ய வேண்டும், அந்த நேரத்தில் செய்ய வேண்டியவற்றில் போதிய பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும் என்று அது சொன்னது. கவனியுங்கள், 'இன்ஃபார்ம்டு' என்று அங்கே போடவில்லை. சொன்னேன், கையெழுத்து வாங்கினேன் என்று நிர்வாகம் கைகழுவ அந்த ஒரு சொல் இடம் கொடுக்கவில்லை.

இன்னொன்று. காவல்துறை விசாரணையில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 161ஆம் பிரிவு, வழக்கின் சங்கதிகளோடு 'அக்வெயின்டட்' என்று கருதப்படும் எவரையும் விசாரிக்கலாம் என்றது. அங்கே ஒருமுறை கண்ணால் கண்டவரும் வருவார். ஆக, 'அக்வெயின்டட்' ஆவதற்கு ஒரு தடவை போதும். 'ஃபெமிலியர்' ஆவதற்குப் பல தடவை வேண்டும். இது என் அனுபவத்தில் சொல்வது, வாத்தியார் திருத்தட்டும்.

---

லாஸ்பேட்டை_வாத்தியார் | வியாழன், காலை 8:30

திருத்த அதிகம் இல்லை. 'அக்வெயின்ட்' சற்று விறைப்பான சொல். கடிதம், சட்டம், சுற்றறிக்கை, இவைதான் அதன் இருப்பிடம். யாரும் டீக்கடையில் அதைச் சொல்ல மாட்டார்கள். 'கெட் அக்வெயின்டட்' என்றால் மட்டும் கொஞ்சம் இளகும், புது ஆட்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வது. 'ஃபெமிலியரைஸ்' பயிற்சி வகுப்புச் சொல். இயந்திரம், மென்பொருள், நடைமுறை என்று கையில் எடுத்துப் பழகுகிறவற்றுக்கு அது பொருந்தும். இரண்டுக்கும் நடுவில் வேலி போட முடியாது. ஒன்றின் வயலில் இன்னொன்று மேயும்.

'அக்வெயின்டன்ஸ்' என்ற பெயர்ச்சொல்லுக்கு வந்தால் கதை வேறு. அது நண்பனுக்கு ஒரு படி கீழே. நம் ஊரில் 'யாருடா அவன்?' என்றால் 'தெரிஞ்சவர்' என்போமே, அவர்தான். அதிலும் குறைந்தால், வழியில் கண்டால் தலையாட்டுவதோடு சரி. அதற்கு 'முகப்பழக்கம்' என்று அழகான சொல் நம்மிடம் உண்டு. அறிமுகம் என்பதிலும் முகம்தான் இருக்கிறது பாருங்கள். கதவுக்கு முகம் இல்லை, அதனால்தான் வெல்டர் சிரித்தார்.

---

மஞ்சை_குமாஸ்தா | வியாழன், காலை 9:05

"புணர்ச்சி பழகுதல் வேண்டா உணர்ச்சிதான் / நட்பாங் கிழமை தரும்." 785ஆவது குறள். ஓரிடத்தில் இருந்து கூடிப் பழகாமலே, உணர்வு ஒத்தால் நட்பு வந்துவிடும் என்கிறார். பழகுவது வேறு, நட்பு வேறு என்று வள்ளுவரே பிரித்து வைத்துவிட்டார்.

---

சொல்தா_பேத்தி | வியாழன், காலை 11:19

ஐயா, இது ஒரு முகமும் பார்க்காத இழைக்குச் சரியான குறள்.

வரலாற்றுப் பிரியர்களுக்கு ஒரு தகவல். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கடிதங்களில் 'ஐ ஆம் டு அக்வெயின்ட் யூ தட்' என்று தொடங்கி ஒரு முழுச் செய்தியையே பின்னால் இழுத்து வருவார்கள். 'தங்களுக்குத் தெரிவிப்பது யாதெனில்' போல. இன்றைக்கு அப்படி 'தட்' போட்டு எழுதினால் பொடி போட்ட பழைய மூக்கிலிருந்து வந்தது மாதிரி இருக்கும். தேவனாம்பட்டினத்தில் 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி வாங்கிய புனித டேவிட் கோட்டையும் இங்கே எங்கள் பிரெஞ்சுக்காரர்களும் இருபது சொச்சம் கிலோமீட்டர் இடைவெளியில் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. நடுவில் இருந்த துபாஷிகள், அதாவது இருமொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர்கள், இரு பக்கத்துக்கும் செய்தி கொண்டுபோய்ப் பிழைத்தார்கள். செல்வி, உங்கள் வேலையும் இப்போது துபாஷி வேலைதான்.

---

முதுநகர்_கட்டுமரம் | வியாழன், மாலை 4:42

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

படகில் புதுப் பையனை ஏற்றும்போது "கடல் பழக்கம் உண்டா?" என்றுதான் கேட்போம். கடலைப் பற்றித் தெரியுமா என்று கேட்பதில்லை. முகத்துவாரத்தில் மணல் மேடு எங்கே இருக்கிறது என்று கரையில் உட்கார்ந்து பத்துத் தடவை சொன்னாலும் பையனுக்கு ஏறாது. ஒரு தடவை படகு தட்டினால் ஏறிவிடும். அதுவும் போன மாதம் இருந்த இடத்தில் இந்த மாதம் மேடு இருக்காது. அதனால் பழக்கம் என்பது ஒருமுறை பழகி முடிக்கிற விஷயம் இல்லை, விட்டால் போய்விடும்.

கதவு நகராதுதான். ஆனால் கதவுக்கு முன்னால் பீப்பாய் அடுக்கிவைப்பார்கள், இல்லையா பாப்பா?

---

சிப்காட்_செல்வி | வியாழன், மாலை 6:58

அண்ணே, எங்கள் ஆலைக்குள் வந்து பார்த்ததுபோலச் சொல்கிறீர்களே! உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஒரு சுற்று போனேன். வடக்கு வாசல் முன்னால் ஆறு காலி பீப்பாய்கள். ஆள் வைத்து நகர்த்தியாயிற்று.

---

கெடிலக்கரை | வியாழன், இரவு 9:20

இப்போது எனக்கே ஆர்வம் வந்துவிட்டது. என் முதல் பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். 'தெரிந்துகொள்' போதாது.

ஆனால் 'பழகிக்கொள்ள வேண்டும்' என்று போட்டாலும் சரிப்படாது. 'அவசர வழிகளைப் பழகிக்கொள்ளுங்கள்' என்றால் தினமும் அந்தப் பக்கமாகவே டீ குடிக்கப் போவார்கள். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும், பழக்கமும் உண்டு.

என் யோசனை, அந்த ஆங்கில வினையை மொழிபெயர்க்கவே வேண்டாம். அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள். பார்க்க வேண்டுமா, நடக்க வேண்டுமா? நடக்க வேண்டும் என்றால் நடக்கச் சொல்லுங்கள்.

---

லாஸ்பேட்டை_வாத்தியார் | வியாழன், இரவு 9:44

முப்பது வருடம் நடத்தியதில் இதை நான் சொல்லியிருக்க வேண்டும், லாரிக்காரர் சொல்லிவிட்டார். ஆங்கிலச் சுற்றறிக்கை ஒரு விறைப்பான வினையைப் போட்டு, செய்ய வேண்டிய வேலையை அதற்குள் ஒளித்துவைத்துவிட்டது. பார், நட, நினைவில் வை என்று மூன்று வேலை ஒரு சொல்லுக்குள். ஆங்கிலம் படித்த அதிகாரி விரித்துக்கொள்வார். காலை ஆறு மணி ஷிப்டுக்கு வருகிறவர் பலகைக்கு முன் நின்று விரித்துக்கொண்டிருக்க மாட்டார்.

இரண்டே வாக்கியம், 'செய்யுங்கள்' என்று முடியட்டும். 'வேண்டும்' வேண்டாம்.

---

மஞ்சை_குமாஸ்தா | வெள்ளி, காலை 6:03

பதிவேட்டுக்கு மட்டும் ஒரு வரி தனியாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. 'அவசர வழிகளை நேரில் நடந்து பார்த்து அறிந்துகொண்டேன்' என்று எழுதி தேதியோடு கையெழுத்து. 'விளக்கப்பட்டது' என்று செயப்பாட்டுவினையில் எழுதி அடியில் கையெழுத்து வாங்குகிற வழக்கம் இருந்தால் அதை விடுங்கள். யார் விளக்கினார், யாருக்கு என்று நாளைக்குக் குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். குமாஸ்தா புத்தி, மன்னிக்கவும்.

---

சிப்காட்_செல்வி | வெள்ளி, இரவு 8:15

பலகை ஏறிவிட்டது. இதுதான் வாசகம்:

"இன்று புதிதாக வந்திருக்கிறீர்களா? வேலை தொடங்கும் முன் அவசர வழி இரண்டிலும் ஒருமுறை நடந்து பாருங்கள். ஆபத்து மணி அடித்தால் கூடுமிடத்துக்கு வந்து நில்லுங்கள்."

கீழே அதையே இந்தியில் பீகார் தம்பி எழுதிக்கொடுத்தார். அவர் 'பரிச்சித்' போடவே இல்லை. நடந்து பார் என்றுதான் போட்டிருக்கிறாராம், படித்துக் காட்டினார்.

காலையில் பன்னிரண்டு பேரை நானே கூட்டிக்கொண்டு நடந்தேன். வெல்டர் அண்ணன்தான் முன்னால். வடக்குக் கதவு வந்ததும் நின்று, "ஏற்கெனவே அறிமுகம் ஆயாச்சு" என்றார்.

மேலாளர் ஆங்கிலத்தில் அறிக்கை கேட்டார். 'தி ஒர்க்மென் வேர் அக்வெயின்டட் வித் தி எக்ஸிட்ஸ்' என்று எழுதினேன். சிவப்பு வரவில்லை.

---

மஞ்சை_குமாஸ்தா | வெள்ளி, இரவு 8:40

சந்தோஷம் அம்மா. ஒரே ஒரு கேள்வி. 'கூடுமிடம்' என்றால் அவர்களுக்குப் புரிந்ததா?

---

சிப்காட்_செல்வி | வெள்ளி, இரவு 8:52

இல்லை ஐயா. இரண்டு பேர் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் ஒரு வேப்பமரம் இருக்கிறது, எல்லோரும் அதை 'மரத்தடி' என்றுதான் சொல்கிறார்கள். நாளைக்குப் பெயின்டரைக் கூப்பிட்டு 'வேப்பமரத்தடி' என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன்.